கம்பைலர் மாறியது, குற்றம் யாருடையது?

2024ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நம் பேரவையின் இதழ்க் குழுவில் இருக்கும் தங்கை ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கணினியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. குரலில் பதற்றம் தெரிந்தது.

“அண்ணா, நம்ம கன்வெர்ட்டர் ஓட மாட்டேங்குது. லேப்டாப்பில உபுண்டு 22.04 இருந்துச்சு, 24.04க்கு மாத்தினேன். இப்ப மேக் பண்ணா திரை முழுக்க எரர். போன வாரம் வரைக்கும் நல்லா ஓடுச்சு. நான் கோட்ல ஒரு வரிகூட தொடல. புது கம்பைலர்லதான் ஏதோ கோளாறு.”

‘நான் ஒரு வரிகூடத் தொடவில்லை.’ இந்த வாக்கியத்தை இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். தொடாத நிரல் கெடாது என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. அந்த நம்பிக்கை தவறு என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது. கணினித் துறை சாராத வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் நம் பேரவையின் பழைய இதழ்களும் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

முதலில் அந்தக் கன்வெர்ட்டரைப் பற்றி. 2000களின் தொடக்கத்தில் நம் ஆண்டிதழ்கள் திஸ்கி என்ற குறியீட்டில் தட்டச்சு செய்யப்பட்டன. அது 8 பிட் குறியீடு. கீழ்ப் பாதியில் ஆங்கிலம், மேல் பாதியில் தமிழ். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்படும். ‘கொ’ என்று எழுத முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். யூனிகோடில் அப்படியன்று. மெய்க்குரிய எழுத்து முதலில், உயிர்க்குறி பின்னால். எனவே பழைய கோப்பு ஒன்றை இன்றைய கணினியில் படிக்க வேண்டுமானால் எழுத்தை மாற்றுவதோடு வரிசையையும் மாற்ற வேண்டும். இதற்காக 2005இல் அண்ணன் ஒருவரும் நானும் சேர்ந்து ஒரு நிரல் எழுதினோம். முக்கியப் பகுதியை அவர் சி++இல் எழுதினார். எழுத்து வரிசை மாற்றும் பகுதியை நான் சியில் எழுதினேன். (லினக்ஸில் ஐகான்வ் கட்டளையே திஸ்கியை மாற்றுமே என்று விவரமறிந்தவர்கள் கேட்கலாம். மாற்றும். ஆனால் நம் கோப்புகளில் தலைப்புகளுக்கு வேறோர் எழுத்துரு, கட்டுரைக்கு வேறோர் எழுத்துரு என்று கலந்து கிடந்தன. அதனால்தான் சொந்தமாக எழுத நேர்ந்தது.) அன்று முதல் அந்த நிரல் ஒரு குழுவிடமிருந்து அடுத்த குழுவுக்குக் கைமாறி வருகிறது.

தங்கையிடம் நான் சொன்னது ஒன்றுதான். “நாற்பது எரரையும் விட்டுரும்மா. மேலே போய் முதல் எரரை மட்டும் படி.”

படித்தார். ‘யூஇன்ட்8_டி’ என்ற பெயர் எந்த வகையையும் குறிக்கவில்லை என்று கம்பைலர் சொல்லியிருந்தது. அதற்குக் கீழேயே ஒரு குறிப்பு: இந்தப் பெயர் ‘சிஎஸ்டிடின்ட்’ என்ற தலைப்புக் கோப்பில் இருக்கிறது, அதை இன்குளூட் செய்தால் சரியாகிவிடலாம். நோயைச் சொன்ன கையோடு மருந்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறது கம்பைலர். பிழைகள் வரிசையாக ஓடியதில் அது திரையை விட்டு மேலே போய்விட்டது, அவ்வளவுதான். ஒரு வரி சேர்த்ததும் நாற்பது பிழைகளும் மறைந்தன.

அவர் நிம்மதியாக வைத்துவிட்டார். எனக்குத்தான் ஓர் எண்ணம் உறுத்தியது. அந்த வரி இல்லாமல் இத்தனை ஆண்டுகள் எப்படி ஓடியது?

தலைப்புக் கோப்பு, அதாவது விரிவுரை மண்டபத்தில் ஹெட்டர் என்று சொல்லப்படுவது, கம்பைலருக்கு நாம் கொடுக்கும் அறிமுகம். இந்தப் பெயரில் ஒரு வகை உண்டு, இந்தப் பெயரில் ஒரு செயற்கூறு உண்டு, அது இன்னதை வாங்கி இன்னதைத் திருப்பித் தரும் என்று அது சொல்லும். ஒரு தலைப்புக் கோப்பு தன் தேவைக்காக வேறு சில தலைப்புக் கோப்புகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. விடுதியில் பக்கத்து அறை நண்பன் இஸ்திரிப் பெட்டி வைத்திருப்பான். மூன்று ஆண்டுகள் அதையே எடுத்துத் தேய்த்துப் பழகிவிட்டால், நம்மிடம் இஸ்திரிப் பெட்டி இல்லை என்பதே நமக்கு மறந்துவிடும். அவன் அறையைக் காலி செய்துகொண்டு போகும் நாளில், அதுவும் நேர்காணலுக்குக் கிளம்பும் நாளாகப் பார்த்து, அது நினைவுக்கு வரும்.

எங்கள் நிரலில் நடந்தது அதுவே. 2018இல் குழுவில் இருந்த தம்பி ஒருவர் திஸ்கி எழுத்துகளை வைத்திருந்த இடங்களில் ‘சார்’ என்ற வகையை எடுத்துவிட்டு ‘யூஇன்ட்8_டி’ போட்டார். நல்ல திருத்தம் அது. சாதாரணக் கணினிகளில் ‘சார்’ எதிர்மறை எண்ணையும் ஏற்பது. 127க்கு மேற்பட்ட தமிழ் எழுத்துகளெல்லாம் எதிர்மறையாகிவிடும், அட்டவணையில் தேடினால் அட்டவணைக்கு வெளியே போய் நிற்கும். அவர் அதைச் சரி செய்தார். ஆனால் அந்தப் பெயர் வாழும் தலைப்புக் கோப்பை அவர் கேட்கவில்லை. கேட்காமலேயே கிடைத்தது. அன்றைய ஜிசிசியில் ‘ஸ்டிரிங்’ என்ற தலைப்புக் கோப்பு தன் வேலைக்காக ‘சிஎஸ்டிடின்ட்’டை உள்ளே இழுத்து வைத்திருந்தது. 2023 ஏப்ரலில் வெளிவந்த ஜிசிசி 13இல் அந்த இழுப்பை நீக்கிவிட்டார்கள். உபுண்டு 22.04இல் இருப்பது ஜிசிசி 11. 24.04இல் இருப்பது 13. தங்கை தொடாத நிரல் கெட்ட கதை இதுதான்.

இது முதல் முறையும் அன்று. 2005இல் அண்ணன் எழுதிய முதல் வரியே ‘ஐஓஸ்ட்ரீம்.எச்’. எங்கள் தலைமுறைக்கு ஆய்வகத்தில் கற்றுத் தரப்பட்டது அதுதான். டர்போ சி++இல் நீலத் திரை, ‘கோனியோ.எச்’, ‘கிளியர்ஸ்கிரீன்’ என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் சி++ மொழியின் தரம் 1998இலேயே வந்துவிட்டது. அதில் ‘ஐஓஸ்ட்ரீம்’ உண்டு, ‘.எச்’ கிடையாது. நாங்கள் படித்தபோது அந்தப் பாடம் ஏழு ஆண்டு பழையது. ஜிசிசி பழைய பெயரை உடனே எடுத்துவிடவில்லை, இது பழைய வழக்கம் என்று எச்சரித்துக்கொண்டே அனுமதித்தது. 2008 மார்ச்சில் வந்த 4.3 பதிப்பில்தான் எடுத்தது. அதே பதிப்பில் தலைப்புக் கோப்புகளின் உட்புறத்தையும் சுத்தம் செய்தார்கள். ‘சிஸ்ட்ரிங்’ கேட்காமல் ‘மெம்செட்’ பயன்படுத்தியவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். நாங்களும் மாட்டிக்கொண்டோம். 2009 குழுவினர் இரண்டு நாள் உட்கார்ந்து சரி செய்ததாக அப்போது சொன்னார்கள்.

ஏன் இப்படி நீக்குகிறார்கள்? பொழுது போகாமல் அன்று. ஒவ்வொரு தலைப்புக் கோப்பும் தேவையற்ற பத்துக் கோப்புகளை இழுத்து வந்தால் ஒவ்வொரு முறை தொகுக்கும்போதும் கம்பைலர் அத்தனையையும் படித்தாக வேண்டும். பெரிய திட்டங்களில் இது மணிக்கணக்கில் நேரத்தைத் தின்னும். சொல்லாமலும் நீக்குவதில்லை. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் என்னென்ன மாறும், எந்தத் தலைப்புக் கோப்பைச் சேர்க்க வேண்டியிருக்கும் என்று ஜிசிசி குழுவினரே ஒரு வழிகாட்டிப் பக்கம் எழுதி வைக்கிறார்கள். கம்பைலர் நம்மை ஏமாற்றிவிட்டது என்று சொல்வதற்கு முன் அந்தப் பக்கத்தை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்?

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன்.

தங்கை திருத்தி அனுப்பிய நிரலை மறுநாள் என் கணினியில் தொகுத்துப் பார்த்தேன். என்னிடம் இருந்தது ஃபெடோரா, அதில் ஜிசிசி 14. சி++ பகுதி அமைதியாகக் கடந்தது. சி பகுதியில் நின்றுவிட்டது. ஒரு செயற்கூற்றை அறிமுகமில்லாமல் அழைத்திருக்கிறீர்கள் என்றது. அது நான் 2005இல் எழுதிய கோப்பு.

பழைய சி மொழியில் ஒரு சலுகை இருந்தது. அறிமுகமில்லாத செயற்கூற்றை அழைத்தால், அது ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று கம்பைலரே ஊகித்துக்கொள்ளும். 1999ஆம் ஆண்டுத் தரம் இந்தச் சலுகையை நீக்கிவிட்டது. ஆனாலும் ஜிசிசி பல்லாண்டுகள் எச்சரிக்கையோடு விட்டுவைத்திருந்தது. 2024 மே மாதம் வந்த 14ஆம் பதிப்பில்தான் அது பிழையாயிற்று. கால் நூற்றாண்டு பொறுத்திருக்கிறார்கள். இதற்கு மேல் பொறுமை எதிர்பார்ப்பது நியாயமன்று.

நான் அழைத்திருந்தது கிரந்த எழுத்துகளைத் தேடித் தரும் செயற்கூறு. திஸ்கியில் ‘ஸ்ரீ’ என்பது ஒரே ஓர் எழுத்திடம். யூனிகோடில் அது நான்கு குறிகள். ‘க்ஷ’ மூன்று குறிகள். இவற்றுக்கென்று தனியாக ஓர் அட்டவணையும், அதில் தேடி உரிய வரியின் முகவரியைத் தரும் செயற்கூறும் வேறொரு கோப்பில் வைத்திருந்தேன். அதற்குத் தலைப்புக் கோப்பும் நானே எழுதியிருந்தேன். அதை இன்குளூட் செய்ய மட்டும் மறந்துவிட்டேன். எண்ணை முகவரியாகப் பயன்படுத்துகிறாய் என்று கம்பைலர் அன்றே எச்சரித்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடைப்புக்குறிக்குள் வகையைப் போட்டு வலிந்து மாற்றி அந்த எச்சரிக்கையின் வாயை அடைத்தேன். ஓடியது. மாமாக் கடைக்குப் போய்த் தே தாரிக் குடித்தோம்.

2005இல் எங்களிடம் இருந்தவை 32 பிட் கணினிகள். முழு எண்ணும் 4 பைட், முகவரியும் 4 பைட். ஊகம் தவறானாலும் விடை சரியாக வந்தது. பிறகு 64 பிட் கணினிகள் வந்தன. முகவரி 8 பைட் ஆயிற்று, முழு எண் 4 பைட்டாகவே இருந்தது. முகவரியில் பாதி வெட்டுப்பட வேண்டும். ஆனால் அந்நாளில் நிரலின் அட்டவணைகள் நினைவகத்தில் தாழ்ந்த இடத்தில் அமர்ந்ததால் வெட்டுப்படும் பாதி பூச்சியமாகவே இருந்தது. மறுபடியும் தப்பித்தேன். 2016 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 16.10 முதல், பாதுகாப்புக் கருதி நிரல்களை நினைவகத்தில் எங்கு வேண்டுமானாலும் ஏற்றும் முறை இயல்பாயிற்று. அதன் பிறகு வந்த உபுண்டு பதிப்பு எதில் தொகுத்தாலும், ‘ஸ்ரீ’யோ ‘க்ஷ’வோ உள்ள கோப்பைத் தொட்டவுடன் நிரல் செத்து விழும்.

நான் உடனே தங்கையை அழைத்தேன்.

“ஏம்மா, கன்வெர்ட் பண்ண முடியாத ஃபைல் ஏதாவது இருக்கா?”

“இருக்குண்ணா. ‘பழுது’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. பதினொரு ஃபைல். சிடி கெட்டுப்போச்சு, ஃபைல் கரப்ட் ஆயிருச்சுன்னு முந்தின குழு எழுதி வச்சிருக்காங்க.”

ஒரு கோப்பும் பழுதாகவில்லை. பதினொன்றிலும் கிரந்த எழுத்து இருந்தது. 2006 இதழில் வந்த ஒரு சிறுகதை, அதன் நாயகியின் பெயர் லக்ஷ்மி. ஒரு நேர்காணல். நன்கொடையாளர் பட்டியல். மூன்று கவிதைகள். ஆறு ஆண்டுகளாக அவற்றை இழந்துவிட்டதாகவே நம் பேரவை எண்ணிக்கொண்டிருந்தது. விடுபட்ட வரியைச் சேர்த்தேன், வலிந்து போட்ட வகைமாற்றத்தை எடுத்தேன். பதினொரு கோப்புகளும் ஒரு நொடிக்குள் வந்து நின்றன.

இந்தப் பிழை 2018இலேயே பிடிபட்டிருக்க வேண்டும். அன்றைய கம்பைலர் கட்டாயம் எச்சரித்திருக்கும். மேக்ஃபைலைத் திறந்து பார்த்தேன். ‘-டபிள்யூ’ என்று சிறிய எழுத்தில் ஒரு சுவிட்ச் இருந்தது. எல்லா எச்சரிக்கைகளையும் அடக்கு என்று அதற்குப் பொருள். யார் போட்டது என்று நான் தேடவில்லை. 2005இல் நான் அடைப்புக்குறியால் செய்ததையே வேறொருவர் சுவிட்சால் செய்திருக்கிறார்.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கம்பைலரை மேம்படுத்திய பிறகு தலைப்புக் கோப்புப் பிழை வந்தால், அதை அடக்கும் சுவிட்சைத் தேடுவது கைவிட வேண்டிய பழக்கம். ‘-எஃப்பெர்மிஸிவ்’ போட்டால் ஜிசிசி 14 மீண்டும் பழையபடி எச்சரிக்கையோடு விட்டுவிடும். கூட்டுத் திட்டப் பணியை நாளை ஒப்படைக்க வேண்டிய மாணவனுக்கு அது வரப்பிரசாதமாகத் தோன்றும். நான் அதைப் போட்டிருந்தால் என் கணினியில் அன்றே வேலை முடிந்திருக்கும். லக்ஷ்மியின் கதை ‘பழுது’ ஃபோல்டரிலேயே கிடந்திருக்கும்.

பழைய கம்பைலரையே வைத்துக்கொள்ளலாமே என்பார் சிலர். தொழில்துறையில் இருக்கும் என் நண்பர் ஒருவர், டாக்கரில் பழைய சூழலை அப்படியே உறைய வைத்துவிட்டால் தொல்லையே இல்லை என்று வாதிட்டார். இதில் பாதி நியாயம் உண்டு. ஆய்வேட்டுக்காகக் கணக்கிட்ட முடிவுகளை இரண்டு ஆண்டு கழித்தும் அதேபோல் காட்ட வேண்டுமானால் சூழலை உறைய வைக்கத்தான் வேண்டும். தேர்வு வாரத்தில் ஜி++ 11ஐப் பக்கத்திலேயே நிறுவிக்கொண்டு வேலையை முடிப்பதும் குற்றமில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை கைமாறும் ஒரு பேரவை நிரலுக்கு அது பொருந்தாது. உறைந்த சூழலை எப்படி எழுப்புவது என்று தெரிந்தவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார். என்னைக் கேட்டால், ஒவ்வோர் ஆண்டும் புதிய குழு பொறுப்பேற்றதும் அப்போதைய புதிய கம்பைலரில் ஒருமுறை தொகுத்துப் பார்ப்பதே சரியான ஏற்பாடு. முடிந்தால் கிளாங்கிலும் ஒருமுறை. ஒன்று காட்டாததை மற்றொன்று காட்டும்.

அப்படிப் பார்க்கும்போது பிழைகளைக் கண்டு மிரள வேண்டியதில்லை. இரண்டு வகைதான் பெரும்பாலும் வரும். கோப்பே கிடைக்கவில்லை என்று வந்தால் அது பெரும்பாலும் நிறுவலின் குறை. உரிய ‘டெவ்’ பொதியை நிறுவவில்லை, அல்லது பாதை மாறியிருக்கிறது. பெயர் தெரியவில்லை என்று வந்தால் அது நிரலின் குறை, நம்முடையது. எந்தக் கோப்பு எதை இழுக்கிறது என்று சந்தேகம் வந்தால் ‘-எச்’ என்ற சுவிட்ச் போட்டுத் தொகுங்கள், மரம்போல் வரிசையாகக் காட்டும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அது பேய்போல் வரும். மேக் உருவாக்கி வைக்கும் சார்புக் கோப்புகளில் பழைய கம்பைலரின் பாதை எழுதப்பட்டிருக்கும். மேம்படுத்திய பின் அந்தப் பாதை இராது. நிரலில் ஒரு குறையும் இல்லாமலே மேக் நின்றுவிடும். பழைய விளைவுகளை முழுவதும் துடைத்துவிட்டு மீண்டும் தொகுத்தால் போய்விடும். சிலர் இதற்குப் பயந்து ‘-ஐசிஸ்டம்’ என்று யூஎஸ்ஆர் இன்குளூட் அடைவையே கையால் சேர்த்துவிடுவார்கள். ஜிசிசி 6 முதல் அது தலைப்புக் கோப்புகளைத் தேடும் வரிசையையே குலைத்து, ‘எஸ்டிடிலிப்.எச்’ இல்லை என்று சொல்ல வைக்கும். இருக்கிற கோப்பை இல்லை என்கிறதே என்று இரவெல்லாம் விழித்திருந்தவர்களை நான் அறிவேன்.

முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு சிறு பழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு கோப்பிலும் உங்கள் சொந்தத் தலைப்புக் கோப்பை முதல் வரியில் இன்குளூட் செய்யுங்கள், மற்றவையெல்லாம் அதன் பிறகு. அந்தத் தலைப்புக் கோப்பு யாரிடமாவது கடன் வாங்கியிருந்தால் அன்றே தெரிந்துவிடும். ஐந்து ஆண்டு கழித்து உங்கள் தம்பி தங்கைகள் வழியாகத் தெரிய வேண்டியதில்லை. எங்கள் ஆய்வகத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. இன்று சொல்லித் தருகிறார்களா என்று அந்தத் தங்கையைக் கேட்டேன். சிரித்தார்.

மேக்ஃபைலில் இருந்த ‘-டபிள்யூ’வை எடுத்துவிட்டோம். எடுத்ததும் முப்பத்தேழு எச்சரிக்கைகள் வந்தன. இதை எழுதும்போது ஒன்பது மீதமிருக்கின்றன. அவற்றில் ஆறு என்னுடைய வரிகள்.

மீட்ட பதினொரு பக்கங்களும் இதழ்க் குழுவிடம் இருக்கின்றன. 2003, 2007 ஆண்டு இதழ்களின் கோப்புகள் மட்டும் எங்குமே கிடைக்கவில்லை. முன்னாள் மாணவர்கள் யாரிடமேனும் அந்தக் குறுவட்டுகள் வீட்டு அலமாரியில் இருந்தால் தயவுசெய்து குழுவுக்குத் தெரிவியுங்கள். நெகிழ்வட்டாக இருந்தாலும் பரவாயில்லை. அதைப் படிக்கும் கருவி ஒன்று என்னிடம் இன்னும் வேலை செய்கிறது.